நிலம் ஆடியதா, எனக்குத் தலை சுற்றியதா?

கேட்டவர்: காரைதீவுப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். பதின்மூன்று வருடமாக எனக்குள்ளேயே கிடக்கும் ஒரு கேள்வியை இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன்.

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. சித்திரை வருசத்துக்கு இன்னும் இரண்டு நாள். எனக்கு அப்போது ஏழு மாதம். இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் ஊர், வீட்டிலிருந்து கடற்கரை நானூறு மீற்றர் கூட இருக்காது. மத்தியானச் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். இரண்டேகால் இருக்கும், கட்டில் மெதுவாக ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. கட்டி வைத்த தோணியில் படுத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி. சத்தம் இல்லை. ஒரு சாமானும் விழவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன், அப்போதும் ஆடியது. அந்த மாதங்களில் எனக்கு அடிக்கடி கிறுகிறுப்பு வரும். கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசையும் தந்திருந்தார்கள். அதுதான் என்று நினைத்து மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தூங்கியும் விட்டேன்.

என்னை எழுப்பியது முன்வீட்டுப் பெரியம்மா. யன்னல் கம்பியில் திறப்பால் அடித்து, "பிள்ளை, இன்னும் உள்ளுக்கயா கிடக்கிறாய்? கடல் வரப் போகுதாம், எழும்பு!" என்று கத்தினார். மணி மூன்றாகப் போகிறது. ஒழுங்கையில் ஒரு சனம் இல்லை. அவர் தன் வீட்டாரை எல்லாம் அனுப்பிவிட்டு எனக்காகத் திரும்பி வந்திருக்கிறார். கணவர் வேலை செய்யும் இடத்திலிருந்து என் போனுக்கு எத்தனையோ தரம் எடுத்திருக்கிறார், லைனே கிடைக்கவில்லையாம்.

அன்று கடல் வரவில்லை. ஜூன் மாதம் மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனால் வந்திருந்தால்? நிலம் என்னைத் தட்டி எழுப்பியது, நான் திரும்பிப் படுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றுக்குள் ஏதோ செய்கிறது.

போன கிழமை மகள் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சுவர் பிளந்து, கூரை இறங்கி, தெருவெல்லாம் கல். "நீங்க பார்த்ததும் இப்படியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப எப்படி இருந்தது?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று நம் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள். நிலநடுக்கம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? உடம்பில் எப்படி இருந்தது? முதலில் என்ன செய்தீர்கள்?


பதில் 1: கல்லடித் தையல்காரி

தங்கச்சி, உங்கள் பதிவை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்திவிட்டு இருந்தேன். உங்களுக்கு வந்த அதே நினைப்புத்தான் எனக்கும் முதலில் வந்தது. என்னை உள்ளதைக் காண வைத்தது ஒரு கத்தரிக்கோல்.

நான் கல்லடியில் வீட்டோடு தைக்கிறவள். வருசத்துக்கு முந்தின கிழமை எங்களுக்குத் தூக்கமே இல்லாத கிழமை. அன்று கையில் பதினொரு சாறிச் சட்டை இருந்தது. ஒரு சட்டைக்கு இடது கை வைத்தாயிற்று, வலது கை வைக்க வேண்டும். என்னுடையது காலால் மிதிக்கிற மெஷின். மிதித்துக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது, மெஷினின் அதிர்வு என்றுதான் இருந்திருப்பேன். நல்லகாலம், நூல் அறுந்தது. ஊசியில் கோர்ப்பதற்காகக் காலை எடுத்தேன்.

கோர்க்க வரவில்லை. இரண்டு தரம், மூன்று தரம். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி கொண்டுபோனேன், அப்போதும் ஊசிக் காதுக்குப் பக்கத்தால் போகிறது. காலையிலிருந்து ஒரு தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும்தான். பசியில் கை நடுங்குகிறது, தலையும் சுற்றுகிறது என்று எண்ணினேன்.

எனக்கு முன்னால் சுவரில் ஓர் ஆணி. அதில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலைத் தொங்க விடுவேன். நல்ல பாரமான இரும்பு. அது சுவரில் 'டக்' என்று தட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். பிறகு இன்னொரு தரம். காற்றுக்கு ஆடுகிற சாமான் இல்லை அது. வெட்டின துணி பறக்கும் என்பதால் நான் மின்விசிறியும் போடுவதில்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தேன். கைப்பிடி மேலே ஆணியில் நிற்கிறது, கூர்ப் பக்கம் வலது, இடது, வலது என்று போய் வருகிறது. எனக்குத் தலை சுற்றினால் கத்தரிக்கோல் ஏன் ஆட வேண்டும்?

அதே நேரம் பின் விறாந்தையிலிருந்து மாமி கூப்பிட்டார். "மகள், எனக்கு பிரஷர் ஏறிட்டுப் போல. இந்தக் கதிரையை ஒருக்காப் பிடி." இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படி ஏறும்? போய் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தேன். தொட்டியில் முக்கால்வாசித் தண்ணீர். அது ஒரு பக்கம் ஏறி, மற்றப் பக்கம் இறங்கி, சோப்பு வைத்திருந்த விளிம்பை நனைத்துவிட்டு வந்தது. மாமி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

2004 சுனாமியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் போனார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அன்று காலை எங்களுக்கு எந்த ஆட்டமும் தெரியவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா விடுமுறை நாள். அடுப்பில் புட்டு அவிந்துகொண்டிருந்தது. யாரும் தலை சுற்றுகிறது என்று சொல்லவில்லை, தொட்டித் தண்ணீர் அசைந்ததை யாரும் காணவில்லை. அதனால்தான் 2012இல் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் என் கால் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. இந்த முறை முன்கூட்டியே சொல்கிறது என்று நினைத்தேன்.

ஓடத் தொடங்கியவள் ஓடியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? அலுமாரித் திறப்பைத் தேடினேன். காணி உறுதி உள்ளே இருந்தது. 2004இல் உறுதியும் அடையாள அட்டையும் போய், அதை மறுபடி எடுக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்கினோம் என்ற பயம். தலையணைக்கு அடியில், சாமித்தட்டில், அரிசி வாளிக்குள் என்று பத்து நிமிடம் தேடினேன். அந்தப் பத்து நிமிடத்தை நான் எனக்கு மன்னிக்கவில்லை. மாமி வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

கல்லடியைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில் நாங்கள். பட்டணத்துக்குப் போக அப்போது இருந்தது வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம் ஒன்றுதான். ஒரு வாகனம் போனால் எதிரே இன்னொன்று வர இடமில்லை. புதுப் பாலத்தைப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள், அது 2013இல்தான் திறந்தது. கல்லடி, நாவற்குடா, டச்பார் சனமெல்லாம் அந்த ஒரு வாயில் வந்து நின்றது. ஓட்டோ, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிளில் நான்கு பேர், வருசத்துக்கு வாங்கின சாமான் பைகள். நாங்கள் நடந்தோம்.

பாலத்தின் நடுவில் வைத்து மாமி நின்றுவிட்டார். "ஆடுது மகள், மறுபடி ஆடுது" என்றார். அந்தப் பாலம் எந்த நாளும் வாகனம் போனால் அதிரும். அன்று அது வாகனத்தாலா, நிலத்தாலா என்று எனக்கும் தெரியவில்லை. கம்பியைப் பிடித்தபடி நிற்கிறோம், கீழே வாவி. 2004இல் கடல் வாவிக்குள்ளும் வந்ததைக் கண்ட ஊர் நாங்கள். என் வாழ்க்கையில் மிக நீளமான நடை அதுதான். என் கழுத்தில் அளவு நாடா கிடந்ததைக் கோட்டைமுனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டேன். கையில் அந்த ஒற்றைக் கைச் சட்டையும் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது.

அங்கே ஒரு பாடசாலை வளவில் இருந்தோம். நான்கேகாலுக்குப் பிறகு இரண்டாவது தரமும் நடுங்கியது என்று யாரோ ரேடியோவில் கேட்டுச் சொன்னார்கள். உட்கார்ந்திருந்த சனம் எல்லாம் எழுந்து நின்றது. எங்கே போவதென்று தெரியாமல் சும்மா நின்றோம். இருட்டுகிற நேரம்தான் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. மாமி அன்று இரவு வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். நான் விடிய வந்து மற்றக் கையை வைத்தேன். வருசத்துக்கு உடுக்க வேண்டிய சட்டை, அந்தப் பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான், தங்கச்சி. உடம்பை நம்ப வேண்டாம். தொங்குகிற ஒன்றைப் பாருங்கள், இல்லாவிட்டால் தண்ணீரைப் பாருங்கள். பிறகு எதையும் தேடாதீர்கள். இப்போது எங்கள் உறுதி செங்கலடியில் அக்கா வீட்டில் இருக்கிறது. பிரதிகளும் மாமியின் குளிசைகளும் ஒரு பையில், கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன. அலுமாரி பூட்டுவதே இல்லை.


பதில் 2: மருதமுனை ஆசிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் புவியியல் படிப்பிக்கிறவன். சகோதரியின் மகள் காட்டிய படத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். அது நிலநடுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரின் படம். 2012இல் நிலம் உடைந்த இடம் நம் கரையிலிருந்து ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் தூரத்தில், சுமாத்திராவுக்கு மேற்கே. அவ்வளவு தூரம் வரும்போது வேகமான, உலுக்குகிற அதிர்வுகள் வழியிலேயே அடங்கிவிடும். மெதுவாக ஆட்டுகிற நீண்ட அலைகள்தான் மிஞ்சி வரும். சகோதரி சொன்ன தோணி ஆட்டம் அதுதான். சத்தம் இல்லாமல், ஆறுதலாக, நெடுநேரம் ஆடினால் தூரத்தில் மிகப் பெரிய ஒன்று நடந்திருக்கிறது என்று பொருள். சின்ன ஆட்டம்தானே என்று விடக் கூடாது.

எங்கள் வாப்பா கைத்தறி நெய்தவர். அன்று தறியில்தான் இருந்தார். "மகன், நான் மிதிக்கல்ல, தறிக் கயிறு தானா ஆடுது" என்று அவர் கூப்பிட்டபோது நான் பாயில் படுத்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிலத்தோடு படுத்திருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை! எனக்குச் சேதியைச் சொன்னது அந்தக் கயிறும் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியும்தான்.

கணக்கைப் பாருங்கள். அங்கே நிலம் உடைந்தது நம் நேரப்படி 2.08க்கு, 8.6 அளவில். நிலத்தின் வழியாக அந்த ஆட்டம் நமக்கு வர ஆறேழு நிமிடம். கடல் அலை வருவதென்றால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுக்கும். ஆகவே சகோதரி, பெரியம்மா உங்களை எழுப்பும்போது உங்களுக்கு இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. ஏழு மாத வயிற்றோடு மேற்கே மாவடிப்பள்ளிப் பக்கம் நடந்து போகவும் அது போதும். உங்கள் அந்த நினைப்புக்கு இந்தக் கணக்கு கொஞ்சமாவது ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று கடல் ஏன் வரவில்லை என்றால், 2004இல் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே சொருகி, கடலடி மேலே தூக்கப்பட்டது. தண்ணீரும் அதோடு எழும்பியது. 2012இல் நிலம் பக்கவாட்டில் வழுக்கியது. கருவிகளில் பதிவான பக்கவாட்டு நடுக்கங்களில் அதுதான் மிகப் பெரியது, ஆனாலும் தண்ணீரைப் பெரிதாகத் தூக்கவில்லை. இது பிறகு ஆராய்ந்து தெரிந்துகொண்டது. ஆடும் நேரத்தில் நம் வீட்டுக்குள் இருந்து எந்த வகை என்று சொல்ல ஒருவராலும் முடியாது. அதனால் அன்று ஓடியவர்கள் வீணாக ஓடினார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. கடல் முதலில் உள்வாங்கும், அதைக் கண்டால் ஓடலாம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். 2004இல் தாய்லாந்துக் கரையில் அப்படித்தான் நடந்தது. நம் பக்கத்துக்கு முதலில் வந்தது ஏறும் அலை. கடல் வெகுதூரம் வற்றியதை நம்மவர்கள் கண்டது அதற்குப் பிறகு. அந்த ஒரு நாளில் அம்பாறை மாவட்டம் மட்டும் 10,000 பேருக்கு மேல் இழந்தது. ஆகவே கடலைப் பார்க்கப் போகவே வேண்டாம். ஆடினால் மேற்கே நடவுங்கள். ஆடாமல் எச்சரிக்கை வந்தாலும் நடவுங்கள். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, ஆனால் நடந்துகொண்டே எடுங்கள்.

மழைக் காலம் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. காரைதீவு மாவடிப்பள்ளித் தாம்போதியில், அதாவது தண்ணீர் மேலால் போகும் தாழ்ந்த பாதையில், வெள்ளம் பாயும். 2024 நவம்பரில் அங்கே பிள்ளைகளை இழந்ததை யாரும் மறக்கவில்லை. டிசம்பரில் மேற்கே ஓடு என்று சும்மா சொல்ல முடியாது. அந்த மாதங்களுக்கு உறுதியான கொங்கிரீட் மாடி ஒன்றை இப்போதே பார்த்து வையுங்கள்.


பதில் 3: அக்கரைப்பற்று மகன்

நான் 2012இல் ஊரில் இல்லை. ஆனால் 2015 ஏப்ரல் 25 காத்மண்டுவில் இருந்தேன், வேலைக்காகப் போயிருந்தேன். சனிக்கிழமை, மத்தியானத்துக்கு நான்கு நிமிடம் இருந்தது. 7.8. அங்கே தலை சுற்றுகிறதா என்ற கேள்விக்கே இடமில்லை. முதலில் ஒரு சத்தம், பெரிய லொறி ஒன்று வீட்டுக்குக் கீழே ஓடுகிற மாதிரி. பிறகு தரை என் காலை வாரியது. கதவு நிலையைப் பிடிக்கப் போனவன் அதைப் பிடிக்க முடியாமல் தவழ்ந்து மேசைக்குக் கீழே போனேன். எதிரே இருந்த செங்கல் மதில் மணல் மாதிரி இறங்கியதை மேசைக்காலுக்கு இடையால் பார்த்தேன். சகோதரி மகளின் புத்தகத்தில் இருப்பது அந்தப் படம்தான். அன்று நேபாளத்தில் 9,000 பேரளவில் இறந்தார்கள். பாடசாலை இல்லாத நாளாக இருந்ததால் எத்தனையோ பிள்ளைகள் தப்பினார்கள்.

ஆனால் உங்கள் கேள்வி அதற்குப் பிறகு எனக்கும் வந்தது. இரவு வெளியே கூடாரத்தில் படுப்போம். ஒவ்வொரு அரை மணிக்கும் ஆடுவது போல இருக்கும். சில தரம் உண்மையாகவே ஆடும், சில தரம் என் நெஞ்சுதான் அடித்துக்கொள்ளும். பக்கத்தில் படுத்திருந்த நேபாளத் தாத்தா ஒருவர் அரைப் போத்தல் தண்ணீரைத் தன் தலைமாட்டில் நிறுத்தி வைப்பார். நான் திடுக்கிட்டு எழுந்தால் பேச மாட்டார், டோர்ச்சைப் போத்தலின் மேல் அடிப்பார். தண்ணீர் அசையாமல் இருந்தால் கையால் படு என்று காட்டுவார். மே 12 அன்று 7.3 அளவில் மறுபடி வந்தபோது போத்தலே உருண்டு போனது.

ஊருக்கு வந்து ஒரு வருடம் வரை நானும் அப்படிப் போத்தல் வைத்துத்தான் தூங்கினேன். உம்மா காரணம் கேட்கவில்லை. குறைந்தால் நிரப்பி வைப்பார்.


மீண்டும்: காரைதீவுப் பெண்

எல்லாப் பதில்களையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கத்தரிக்கோல் இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னாள். ஆசிரியர் எழுதிய ஒரு மணித்தியாலக் கணக்கை நான் தனியாக இருந்து பலமுறை வாசித்தேன். மிக்க நன்றி.

மகள் பழைய பூட்டு ஒன்றை நூலில் கட்டித் தன் அறையில் தொங்கவிட்டாள். மின்விசிறிக்கு ஆடுகிறது என்று குசினிக்கு மாற்றியிருக்கிறோம். நேற்று பின்னேரம் இரண்டு பேரும் வீட்டிலிருந்து காரைதீவு முச்சந்தி வரைக்கும் நடந்து நேரம் பார்த்தோம். பதினாறு நிமிடம். பெரியம்மாவும் வந்தார். இப்போது அவருக்கு முழங்கால் வலி, அவரோடு நடந்தால் இருபத்தாறு. எங்கள் கணக்கு இருபத்தாறுதான்.

மழைக் காலத்துக்கு, பிரதான வீதியில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறவர்களிடம் போய்க் கேட்டேன். அந்த அக்கா யோசிக்கவே இல்லை. மேல் மாடிக் கதவின் திறப்பை எங்கே வைப்பார் என்று மகளைக் கூட்டிப்போய்க் காட்டினார்.